சபையில் இல்லாதவரின் ஓட்டு

ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறினால்தான் கோக்-பெல் ஊரில் சிக்னல் கிடைக்கும். ஜிபாரா அங்கே நின்றுகொண்டு, குளிரில் விறைத்த விரல்களால் கடைசிப் பெயரையும் சரிபார்த்து, 'வெளியிடு' என்பதைத் தட்டினாள்.

கீழே அவள் அப்பா சாபாரின் ஆஷ் நடந்துகொண்டிருந்தது. அப்பா செத்து வருஷம் திரும்பும் நாளில் ஊருக்கே போடும் விருந்து. மூன்று கம்பளிக் கூடாரங்கள், புகையும் கொப்பரைகள், நாலு ஊரிலிருந்து வந்த குதிரைகள், கார்கள். வீட்டுப் பெண் மேட்டில் நின்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஊர் பார்த்தது, பேசவும் செய்தது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள். நாட்டின் சட்டங்களுக்கு எந்த எம்.பி. எப்படி ஓட்டுப் போடுகிறார் என்று பெயர் பெயராகப் பதிவு செய்வதுதான் அவள் வேலை. 'யார் கை' என்பது அந்த இணையதளத்தின் பெயர். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பழைய கட்டடத்தில் நாலு பேர் உட்கார்ந்து அதை நடத்துகிறார்கள். ஜிபாராவின் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். படித்துவிட்டு வங்கியில் சேராமல் இதில் போய் உட்கார்ந்ததை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று காலை நடந்த ஓட்டெடுப்பு மற்றவற்றைப் போல அல்ல. மலை மேய்ச்சல் நிலங்களை வெளிக் கம்பெனிகளுக்கு நாற்பத்தொன்பது வருஷக் குத்தகைக்கு விடலாம் என்ற சட்டம். கோடைக்கு ஊர் மொத்தமும் ஆடு குதிரைகளோடு ஏறும் சாரி-தோரின் அடியில் தங்கம் இருப்பதாகப் பேச்சு. அப்பா சாகும்வரை அந்த மேய்ச்சலுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர். சட்டம் ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறிவிட்டது. தளத்தில் ஏற்றும்போது ஒவ்வொரு 'ஆதரவு' என்ற சொல்லும் அவளுக்குப் பல்லில் மணல் கடிபட்டதுபோல இருந்தது.

மேட்டிலிருந்து இறங்கினாள். அண்ணி கையில் ஒரு கெண்டியைத் திணித்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? பெரிய கூடாரத்துல டீ கேக்குறாங்க. எம்.பி. உக்காந்திருக்காரு, ஓடு."

ஜிபாரா ஓடினாள். உள்ளே வாசலுக்கு எதிரே, எல்லோரையும்விட உயர்ந்த இடத்தில், இரண்டு மெத்தைகள் போட்டு ஜுமாதில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் குலத்தைச் சேர்ந்தவர், அப்பாவுக்குத் தம்பி முறை, தொகுதிக்கு எம்.பி. அவளைப் பார்த்ததும் கிண்ணத்தை நீட்டினார்.

"வா மகளே. கண்ணெல்லாம் சிவந்திருக்கே. அழுதியா?"

"புகை, சித்தப்பா."

கெண்டியைச் சாய்த்தாள். அப்போதுதான் அது அவள் மண்டையில் இறங்கியது. ஜுமாதில். பட்டியலின் பின்பாதியில் வரும் பெயர். எதிரே 'ஆதரவு'. சற்றுமுன் அவள் விரலால் ஏற்றியது.

பிஷ்கெக்கிலிருந்து இந்த ஊருக்கு வர முக்கால் நாள் ஆகும். இவரோ பொழுது விடியும்போதே இங்கே வந்து இறங்கியவர். காலையில் ஊர் நடுவில் நின்று பேசியவர். "என் சாபார் அண்ணனோட ஆஷுக்காக சபையையே விட்டுட்டு வந்தேன்!" என்று அவர் நெஞ்சில் தட்டியபோது அம்மா முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். ஆஷுக்கு வருகிற ஒவ்வொருவரும் எதை விட்டுவிட்டு வந்தேன் என்று உரக்கச் சொல்வார்கள். விட்டு வந்தது பெரிதாக இருந்தால் செத்தவருக்கு மரியாதையும் பெரிது. ஜிபாராவும் நெகிழ்ந்து தலையாட்டிக்கொண்டுதான் நின்றாள். அதே நேரத்தில் பிஷ்கெக்கில் அவர் ஓட்டு விழுந்திருக்கிறது.

"அடியே!" என்று ஜுமாதில் கத்தினார்.

தேநீர் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டு அவர் விரலில் வழிந்தது. கூடாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விருந்தாளிக்குக் கால் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும். திரும்பத் திரும்ப ஊற்றுவதுதான் உபசாரம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"என்ன மகளே, சித்தப்பாவ எந்திரிச்சுப் போகச் சொல்றியா?" என்று அவர் சிரித்தார்.

மற்றவர்களும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த எசென்காடிர் கிழவர், "பட்டணத்துல டம்ளர்ல நிறையக் குடிச்சுப் பழகிட்டா. படிப்பு ஏறினா பழக்கம் எறங்கிரும்" என்றார்.

அம்மா வாசலோரம் கருப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். மகளை ஒரு பார்வை பார்த்தாள். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஜிபாரா கெண்டியை வைத்துவிட்டு மறுபடி மேட்டுக்கு ஓடினாள்.

"மாகினூர், நான் தப்புப் பண்ணிட்டேன்." பிஷ்கெக் அலுவலகத்தில் ஃபோனை எடுத்த தோழியிடம் மூச்சு வாங்கச் சொன்னாள். "ஜுமாதில் சபையில இல்ல. இங்க இருக்காரு. எங்க வீட்டுக் கறிய தின்னுட்டு இருக்காரு. அவர் ஓட்டுக் கார்டைப் போட்டு வேற எவனோ பொத்தானை அழுத்தியிருக்கான்."

மாகினூர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

"ஒரு ஓட்டுலதான்டி பாஸ் ஆச்சு!"

"தெரியும்."

"சாயங்காலம் சபாநாயகர் கையெழுத்துப் போட்டுட்டா அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி புகார் உள்ள போச்சுன்னா மறுபடி ஓட்டெடுப்பு நடத்தியே ஆகணும். ஆனா சும்மா சொன்னா நம்ப மாட்டாங்க. அவரே எழுதிக் குடுக்கணும், இல்ல வீடியோ வேணும்."

"காலையில பேசினத அண்ணன் ஃபோன்ல புடிச்சிருக்கான்."

"அப்புறம் என்ன? அனுப்பு!"

அனுப்பு என்று சொல்லிவிடலாம். மாகினூரின் அம்மாவா இன்று கருப்பைக் களையப் போகிறாள்? வருஷம் முழுக்கக் கருப்பில் இருந்த விதவைக்கு ஆஷ் முடியும்போது குலத்துப் பெரிய மனிதர் ஒருவர் வெள்ளை முக்காடு கொண்டுவந்து தர வேண்டும். அதோடு துக்கம் முடியும். அந்த முக்காட்டைக் கொண்டுவந்திருப்பவரே ஜுமாதில்தான். அப்பாவின் ஆஷுக்கு வந்து தலைக்கறி வாங்கப்போகிற விருந்தாளியை வீட்டுப் பெண்ணே காட்டிக்கொடுத்தாள் என்றால் அம்மாவும் அண்ணனும் இந்த ஊரில் தலை நிமிர முடியாது. நாளைக்கு அவர்கள் வீட்டுச் சாவுக்குக் குழி வெட்டக்கூட ஆள் வராது.

அண்ணன் கூபாத் கொப்பரைக்குப் பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கோடாரியைக் கீழே போட்டான்.

"வாய மூடு. இன்னிக்கு நாள் என்ன?"

"சாரி-தோர் போயிரும்ணா."

"போகும் போகும்னு அப்பாவும் சொல்லிச் சொல்லியே செத்தாரு. இன்னும் அங்கேயேதான இருக்கு? இருக்குல்ல?"

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்கு."

"உனக்கென்னடி, நாளைக்குக் காலையில வண்டி ஏறிருவ. இங்க இருந்து மூஞ்சியக் காட்டப் போறது நானு." அவன் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான். ஃபோன் அதில்தான் இருந்தது. "மொதல்ல அவர்கிட்ட மரியாதையா கேளு. விருந்தாளிகிட்ட கேக்காம முதுகுல குத்தாத."

அதில் நியாயம் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் இருந்தது.

கை கழுவ வெளியே வந்த ஜுமாதிலுக்கு அவளே செம்பு எடுத்து நீர் ஊற்றினாள்.

"சித்தப்பா, உங்க ஓட்டு இன்னிக்குக் காலையில பிஷ்கெக்ல விழுந்திருக்கு."

"விழுந்திருக்கும். கார்டைக் கட்சிக்காரங்ககிட்ட குடுத்துட்டுத்தான் வந்தேன். ஊருக்குப் போறவங்க குடுத்துட்டுப் போறதுதான்." துண்டுக்குக் கையை நீட்டினார்.

"எந்தச் சட்டத்துக்குன்னு தெரியுமா?"

"எந்தச் சட்டம்?"

உண்மையாகவே கேட்டார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிப்பு இல்லை. அதில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திருட்டு என்றால்கூட ஒரு முனைப்பு இருக்கும். இந்த ஆளுக்குத் தான் எதை விற்றோம் என்பதே தெரியாது.

"மேய்ச்சல் குத்தகைச் சட்டம். சாரி-தோர் சட்டம். உங்க ஓட்டுலதான் பாஸாச்சு."

துண்டு அவர் கையில் நின்றது. மலை முகட்டில் விழுந்திருந்த புதுப் பனியை ஒருமுறை பார்த்தார்.

"அது அடுத்த வாரம்னுல்ல சொன்னாங்க."

"எழுதிக் குடுத்துருங்க. நான் சபையில இல்ல, இந்த ஓட்டு என்னோடது இல்லன்னு. ரெண்டு வரி. உங்களுக்கும் மரியாதை."

"மரியாதையா? கட்சிலேர்ந்து தூக்கி எறிஞ்சிருவாங்க, தெரியுமா?" குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீ கேட்டாத்தான் கேள்வி. உன் அப்பன் ஆஷ்ல நீ கேப்பியா? உன் அம்மா தலையில நான் வெள்ளை போடப் போறேன். நீ கேப்பியா?"

அவர் நேரே கூபாத்திடம் போய் அவன் தோளில் கை போட்டார்.

"காலையில நான் பேசினத எடுத்தியே, காட்டு பாப்போம்."

கூபாத் தங்கையைப் பார்த்தான். பிறகு ஃபோனைக் கொடுத்தான். ஜுமாதில் அதைக் கொஞ்சம் பார்த்தார், ரசித்தார், அழித்தார். "நல்லா வரலப்பா. தொந்தியா தெரியுறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கூபாத் கோடாரியை எடுத்து, ஏற்கெனவே பிளந்து கிடந்த விறகை மறுபடி பிளந்தான்.

பொழுது மேற்கே சாய ஆரம்பித்திருந்தது.

தலைக்கறி பரிமாறக் கூப்பிட்டார்கள். பெரிய கூடாரத்தில் மூச்சுவிட இடமில்லை. ஒவ்வொருவருக்கும் வயசுக்கும் முறைக்கும் தகுந்த எலும்பு. அவித்த ஆட்டுத்தலை ஜுமாதிலின் முன் வந்தது. வாங்கியவர் முதலில் ஒரு காதை அறுத்து இளையவர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நட என்று அதற்குப் பொருள். ஜுமாதில் கத்தியால் காதை அறுத்தார். கூட்டத்தைத் துழாவிய அவர் கண் வாசலில் நின்றது.

"எங்க, நம்ம படிச்ச பொண்ணு? வா மகளே. இது உனக்குத்தான். கேட்டு நட."

கூடாரம் சிரித்தது. ஜிபாரா நடந்து போய் அவர் முன்னால் மண்டியிட்டாள். காதை வாங்கவில்லை. ஃபோனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வாங்கிக்கிறேன் சித்தப்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இன்னிக்குக் காலையில எங்க இருந்தீங்க?"

அவர் கை அந்தரத்தில் நின்றது. காதிலிருந்து கொழுப்பு ஒரு சொட்டு விரிப்பில் விழுந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. கூடாரத்துக்குத்தான் புரியவில்லை. எசென்காடிர் கிழவர் சிடுசிடுத்தார். "இதென்னடி கேள்வி? விடியக்காலமே வந்துட்டாரு. என்கூடத்தான உக்காந்து குதிரைப்பால் குமிஸ் குடிச்சாரு. ஊரே பாத்துச்சு."

"நீங்க இல்ல தாத்தா. அவர் வாயால சொல்லட்டும்."

"சொல்லேன்ப்பா, எதுக்கு முழிக்கிற?" என்றார் கிழவர்.

செத்தவர் வீட்டுத் தலைக்கறியைக் கையில் வைத்துக்கொண்டு, உன் ஆஷுக்கு நான் வரவே இல்லை என்று எவனால் சொல்ல முடியும்? ஜுமாதில் வாசலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். இங்கே சிக்னல் கிடையாது என்பதும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தில் சிரிப்பைத் திரும்ப ஏற்றினார்.

"இங்கதான் இருந்தேன். விடிஞ்சதுலேர்ந்து இங்கதான். போதுமா?"

"போதும். பிஷ்கெக்ல உங்க கார்டு ஓட்டுப் போட்டுச்சே, அது யாரு போட்டது?"

"கூபாத்! இவ கையில இருக்கிற ஃபோன வாங்கு. அப்பன் ஆஷ்ல என்ன கூத்து இது!"

கூபாத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவள் ஃபோனை நெஞ்சோடு அணைத்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிப் பிடுங்கினான். சிறு வயசில் ரொட்டியைப் பிடுங்குவானே, அதே பிடி. வெளியே போய்விட்டான்.

ஜிபாரா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. இவர் இங்க உக்காந்திருக்கும்போது, இவர் ஓட்டுல சாரி-தோரை வித்துட்டாங்க. இவருக்கே தெரியாது. கேளுங்க."

பிறகு அண்ணன் பின்னால் ஓடினாள். வெளியே அவனைக் காணோம். கொப்பரைப் பக்கம் இல்லை. லாயத்திலும் இல்லை. அழித்துவிட்டிருப்பான் என்று நினைத்தாள். தலையைத் தூக்கினாள்.

கூபாத் மேட்டில் நின்றான். ஃபோனை ஒரு கையால் வானத்துக்குத் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தான்.

"ஏறி வாடி சீக்கிரம்! பாஸ்வேர்டு என்ன?" என்று அவன் கத்தினான்.

இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். வீடியோ நத்தை மாதிரி நகர்ந்தது, பாதியில் நின்றது, மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தது. கூபாத் பல்லைக் கடித்தபடி, "ஓடு நாயே, ஓடு" என்று ஃபோனைத் திட்டினான். முகட்டுப் பனி மஞ்சளாகி, சிவந்து, சாம்பலாகிக்கொண்டிருந்தது. அங்கே சபாநாயகர் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டாரோ என்னவோ.

போய்ச் சேர்ந்தது.

"சாட்சின்னு பேர் போடணுமாம், ஊர்க்காரங்க யாராச்சும்" என்றாள், வந்த செய்தியைப் படித்து.

"என் பேரப் போடு."

"அண்ணா, யோசிச்சு..."

"போடுன்னா போடு. என் ஃபோன அவர்கிட்ட நீட்டுனேன் பாரு, அப்ப யோசிச்சுட்டேன்."

கொஞ்ச நேரத்தில் மாகினூர் கூப்பிட்டாள். பின்னால் படிக்கட்டில் யாரோ ஓடும் சத்தம். "புகார் பதிவாயிருச்சு. முத்திரை குத்தி வாங்கிட்டோம். இன்னிக்குக் கையெழுத்து கிடையாது. மறுபடி ஓட்டெடுப்பு. ஜெயிப்போமான்னு தெரியாதுடி, அந்த ஆளு வந்து மறுபடி ஆதரவுன்னே அழுத்தினாலும் அழுத்துவான்."

"அழுத்தட்டும். அவன் கையால அழுத்தட்டும்."

இறங்கி வந்தபோது பெரிய கூடாரத்தில் ஒருவரும் சாப்பிடவில்லை. ஆளாளுக்கு ஜுமாதிலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கட்சி என்றார், தலைவர் என்றார், அடுத்த வாரம் என்றுதான் சொன்னார்கள் என்றார். எசென்காடிர் கிழவர் தன் பங்கு எலும்பைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டார். அண்ணனும் தங்கையும் 'மறுபடி ஓட்டெடுப்பாம்' என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைவதைப் பார்த்ததும் ஜுமாதில் சட்டென்று எழுந்தார். பையிலிருந்து வெள்ளை முக்காட்டை எடுத்து உதறி, அம்மாவிடம் போனார்.

"வாங்க அண்ணி. புள்ளைங்க சண்டைய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கருப்பை எடுங்க."

அம்மாவின் கை தலையிலிருந்த கருப்புத் துணியின் முடிச்சுக்குப் போனதை ஜிபாரா பார்த்தாள். அந்தக் கை முடிச்சை அவிழ்க்கவில்லை. இறுக்கியது.

"இருக்கட்டும்ப்பா. மறுபடி ஓட்டு எடுப்பாங்களாமே. நீ போய் உன் கையால போட்டுட்டு வா. எப்படிப் போட்டன்னு இவ எழுதுவா. அதப் பாத்துட்டு எடுத்துக்கிறேன்."

"அண்ணி, ஆஷ் முடிஞ்சும் கருப்புலயே இருந்தா ஊர் என்னைக் காறித் துப்பும்."

"துப்பட்டும்."

அம்மா விரிப்பில் இருந்த கெண்டியை எடுத்தாள். ஜுமாதிலின் இடத்துக்குப் போய் அவர் கிண்ணத்தில் ஊற்றினாள். கால் கிண்ணத்தில் நிற்கவில்லை, அரையில் நிற்கவில்லை. விளிம்புவரை வந்து தேநீர் நடுங்கிக்கொண்டு நின்றது. ஒரு சொட்டுகூட வழியவில்லை.

ஜுமாதில் அதைக் குடிக்கவில்லை. சற்று நேரத்தில் அவருடைய கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனது. அறுத்த காது தட்டிலேயே கிடந்தது.

ஜிபாரா மறுபடி மேடேறினாள். அவள் வேலை இன்னும் முடியவில்லை. தளத்தில் தப்பாக ஒன்றை ஏற்றியிருக்கிறாள், அதுவும் தன் பெயரில். ஜுமாதிலின் பெயரைத் தேடி எடுத்து 'ஆதரவு' என்பதை அழித்தாள். 'சபையில் இல்லை' என்று போட்டாள். திருத்தத்துக்கான காரணத்தை எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. வழக்கமாக அதில் 'தட்டச்சுப் பிழை' என்று எழுதுவார்கள்.

அவள் எழுதினாள்: 'ஓட்டெடுப்பு நேரத்தில் இவர் கோக்-பெல்லில், என் அப்பாவின் ஆஷில் இருந்தார். இவருக்குத் தேநீர் ஊற்றியது நான். பார்த்தும் பதிவில் தப்பாகப் போட்டதும் நான்தான்.'